கடுகண்ணாவை இறக்கமும் பாரூக் நானாவின் இருக்கையும்

ஓய்வு பெற்ற பிறகும் பிசியோதெரபி பிரிவுப் பிள்ளைகள் என்னைத் தங்கள் வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கவில்லை. போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. கறுப்பு வலைத்துணியில் வளைந்த முதுகுத் தாங்கி, பின்னால் இரண்டு இலாஸ்டிக் பட்டிகள். கண்டியில் இப்போது கைப்பேசி உறை விற்கும் கடைகளில்கூட இது தொங்குகிறது. கார் ஓட்டும் நோயாளிகள் எல்லாரும் இதைக் காட்டித்தான் கேட்கிறார்களாம். "மிஸ், வாங்கச் சொல்லலாமா, வேணாமா?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

அவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல் என்று பதில் அனுப்பினேன். அவள் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினாள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டாள். அதனால் இதை எழுதுகிறேன்.

மஹய்யாவையில் பிறந்தேன், கண்டியில் படித்தேன், கொழும்பில் பயிற்சி பெற்றேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தோம், விடுதிச் சாப்பாட்டைக் குறை சொன்னோம். தொழிலைக் கற்றது அதற்குப் பிறகு, கண்டிக்கு வெளியே ஓர் அரசாங்க வைத்தியசாலையில். அங்கே பிரிவுத் தலைவராக இருந்தவர் சிவபாதம் சேர்.

அவர் வடக்கே வடமராட்சிக்காரர். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டபடியே வேலை செய்வார். மற்றவர்கள் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். அவருடைய முதல் கேள்வி வேறு: "எதில வந்தனீங்கள்?" பஸ்ஸா, முச்சக்கர வண்டியா, சொந்தக் காரா? காரில் வந்தவர் என்றால் தானே ஓட்டினாரா, வேறு யாரும் ஓட்டினார்களா? எங்கள் அறையின் ஜன்னல் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தபடி இருந்தது. காலையில் தேநீர்க் கோப்பையோடு அங்கே நிற்பார். அவர் வேடிக்கை பார்ப்பதாக நாங்கள் முதலில் நினைத்தோம். அவர் நோயாளிகள் வாகனத்திலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்து எழுகிறாரா, ஒரு காலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் இருக்கிறாரா, எழுந்த பின் எத்தனை அடி கூனி நடக்கிறார் என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

அவரிடம் ஓர் அலுமாரி நிறையக் குஷன்கள் இருந்தன. நோயாளிகளிடமிருந்து பறித்தவை. சூரியகாந்திப் பூ தைத்தது, குழந்தைத் தலையணை, நடுவில் ஓட்டை போட்டது, கோயில் திருவிழாவில் வாங்கியது என்று எல்லா வகையும் இருந்தன. முதுகு வலிக்கும் ஆள் கடைக்குப் போய்க் கைக்கு மென்மையாகப் படுவதை வாங்குகிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. "கைக்குத் தெரியாது பிள்ளை, நாரிக்குத்தான் தெரியும்" என்பார். நாரி என்றால் அவர்கள் ஊரில் இடுப்பு. நான் ஓய்வு வயதுக்குக் கிட்டே வந்த பிறகும் என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்.

அவருடைய முறை துவாயில் தொடங்கும். வீட்டில் பாவித்துப் பழகிய, மென்மை போன ஒரு குளியல் துவாயை நோயாளி கொண்டுவர வேண்டும். புதுத் துவாய் ஒரு நாளிலேயே அமுங்கிவிடும். அதை இருக்கையின் அகலத்துக்கு மடித்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஆனால் துவாய் வைப்பது கடைசிக்கு முந்திய வேலை. முதலில் நோயாளி இருக்கையின் பின்முனைவரைக்கும் இடுப்பைத் தள்ளி உட்கார வேண்டும். பிறகு உயரம், பிறகு மிதிகட்டைகளுக்கான தூரம், பிறகு சாய்வு. இவ்வளவும் சரியான பின்புதான் துவாய். கீழ் விளிம்பு காற்சட்டைப் பட்டிக்கு நேரே நிற்க வேண்டும், மேல் விளிம்பு கடைசி விலா எலும்பைத் தொடக் கூடாது. தடிப்பு எவ்வளவு என்று கேட்டால், துவாய் வைப்பதற்கு முன் முதுகுக்கும் இருக்கைக்கும் இடையில் உள்ளங்கையை விட்டுப் பார்க்கச் சொல்வார். அந்த இடைவெளியை நிரப்பினால் போதும், முதுகை முன்னால் தள்ளக் கூடாது. இரண்டு பண்டேஜ் துணியால் அதை இருக்கையோடு கட்ட வேண்டும். கடைசியாக, நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் பின்பார்வைக் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். கூனினால் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனம் தெரியாது. வேறு யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

ஒரு வாரம் துவாயோடு ஓட்டி, வலி குறைந்தால்தான் குஷன் வேலைக்காரரிடம் போகலாம். துவாயின் அளவுக்கு ஸ்பொன்ஜ் வெட்டி, விளிம்பைச் சீவி, இருக்கை முதுகின் தையலைப் பிரித்து உள்ளே வைத்துத் தைப்பார்கள். முதலில் துவாய், பிறகு ஸ்பொன்ஜ். இந்த வரிசையை மாற்ற அவர் யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை. கம்பளையிலிருந்து வந்த ஓர் ஆசிரியை நேரே கடைக்குப் போய்ப் பெரிய தாங்கியாகப் பார்த்துத் தைத்துக்கொண்டார். அவர் குள்ளம். தாங்கி அவரை ஸ்டியரிங்மேல் கொண்டுபோய் நிறுத்தியது. முதுகு வலியோடு வந்தவருக்குத் தோள் வலியும் சேர்ந்தது. சேர் அந்தத் தாங்கியையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. நிச்சயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "குறையலாம். பாப்பம்." அதற்குமேல் போகமாட்டார். நாங்களும் போகக் கூடாது.

இந்த முறையெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடான பிறகுதான் பாரூக் நானா வந்தார்.

அக்குறணைக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நாங்களும் அவரை நானா என்போம். வயது நாற்பத்தைந்துக்கு மேல். சொந்தக் காரில் வாடகை ஓட்டம், பெரும்பாலும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் புதிதாக வாங்கிய ஜப்பான் கார், வெள்ளை நிறம், அதைத் துடைக்கும் விதத்திலேயே அவருடைய குணம் தெரிந்தது. அடிமுதுகு வலி. கால்களில் மரப்பு இல்லை, பலக் குறைவு இல்லை, எக்ஸ்ரேயில் வயதுக்குரிய தேய்மானம் மட்டும். நடந்தால் வலியில்லை. ஓட்டினால்தான் வலி.

என்ன பிரச்சினை என்று அவரே நேராகச் சொன்னார். மாவனல்லையைத் தாண்டுவதற்குள் காரை ஓரம் கட்டி இறங்கி நிற்க வேண்டியிருக்கிறது. பின்னால் இருக்கும் பயணிக்கு விமானம் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். மனைவியின் அண்ணன் ஹனீபாவுக்கு அக்குறணையில் புடவைக் கடை. காரை அவரே விலைக்கு எடுத்துக்கொள்கிறார், பாரூக் நானா கடையில் கல்லாவில் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து ஹனீபா வந்து காரை எடுப்பதாக ஏற்பாடு.

"மிச்சக் காசு எண்ணிக் குடுக்கவா மிஸ் நான் இவ்வளவு காலம் ஸ்டியரிங் புடிச்சேன்?" என்றார். குரல் உயரவில்லை. "மச்சான் நல்ல மனிசன் தான். ஆனா அவர்ட கடையில நான் உக்காந்தா, சாகுற வரைக்கும் எந்திரிக்க ஏலா."

துவாய் கட்டினோம். தரிப்பிடத்தில் வைத்து நானே சரிபார்த்தேன். இருக்கைக்குப் பூப்போட்ட துணி உறை போட்டிருந்தார், அதற்குமேல் துவாய் பட்டிக்கு நேராக நின்றது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். வலி கூடியிருந்தது. தடிப்பைக் குறைத்தேன். அடுத்த வாரமும் வலி குறையவில்லை. ஒரு விரல் அளவு மேலே ஏற்றினேன். முதல் அரை மணி நேரம் சுகம், பிறகு விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையால் இடிப்பது மாதிரி இருக்கிறது என்றார். அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் விளங்கவில்லை.

"போற நேரம் தான் மிஸ் நோவு. கடுகண்ணாவ இறக்கத்துல உசுரு போகுது. திரும்பி அதே மேட்டுல ஏறுற நேரம் ஒண்டுமில்ல."

கடுகண்ணாவை, கண்டியிலிருந்து கொழும்புப் பக்கம் இறங்கும் மலைப்பாதை. அதே முதுகு, அதே துவாய், அதே வீதி. காலைக் குளிர் என்றார் ஒரு சக ஊழியர். ஏசிக் காற்று என்றார் இன்னொருவர். சேர் ஜன்னலுக்குப் போனார். பாரூக் நானா அப்போது காரில் ஏறப் போய்க்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அவர் ஏறமுந்தி சீற்றைத் தடவிறார். பாத்தனீரே?"

"ஆமா சேர். காரை அப்படிப் பார்த்துக்குவாரு."

"பாசமெண்டால் பொனட்டைத் தடவலாம். இவர் சீற்று உறையைப் பிடிச்சுப் பின்னுக்கு இழுக்கிறார். இறங்கினாலும் இழுக்கிறார், ஏறமுந்தியும் இழுக்கிறார். ஏன்?"

பதில் அவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாத இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நின்றுகொண்டிருக்கும் காரில் எல்லாம் சரியாக இருக்கிறது, அப்படியென்றால் ஓடும் காரில் பார்க்க வேண்டும் என்றார். கடமை நேரத்தில் ஊழியர் வெளியே போக முடியாது. என் விடுமுறை நாளில் போவதாகச் சொன்னேன். பாரூக் நானா தன் மனைவி பரீதாவைப் பின்னிருக்கையில் கூட்டிக்கொண்டு வந்தார். நான் முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்தேன். பரீதா மடியில் ஒரு டப்பா வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த இனிப்பு. திரும்பும்போது எனக்குத் தருவதாம், போகும்போது தந்தால் கவனம் போய்விடுமாம்.

புறப்படும் முன் இரண்டு சின்னத் துண்டுப் பிளாஸ்டர் ஒட்டினேன். ஒன்று ஹாண்ட் பிரேக்குக்குப் பின்னால் இருக்கும் அசையாத பெட்டியின் விளிம்பில். மற்றது அதற்கு நேரே, அவருடைய காற்சட்டைப் பட்டியில். கண்டியில் இரண்டும் ஒரே கோட்டில் இருந்தன. பேராதனை தாண்டியும் ஏறக்குறைய அப்படியே. சமதரை. கடுகண்ணாவை இறக்கத்தின் தலைப்புக்கு வருவதற்குள், வழியில் போட்ட பிரேக்குகளில் இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. இறக்கம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக், ஒவ்வொரு பிரேக்குக்கும் பட்டியில் ஒட்டிய பிளாஸ்டர் கொஞ்சம் முன்னால் போனது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து மேல் உடம்பைப் பின்னால் அழுத்தினார், இடுப்பு முன்னால் சறுக்கியது. அடிவாரத்தில் என் உள்ளங்கை முழுவதையும் இரண்டு பிளாஸ்டர்களுக்கும் இடையில் வைக்க முடிந்தது. துவாய் கட்டிய இடத்திலேயே நின்றது. மனிதர் அதற்குக் கீழே வழுக்கிப் போயிருந்தார். பட்டிக்கு வைத்த துவாய் இப்போது விலாவை இடித்தது. தாங்க வேண்டிய இடம் அந்தரத்தில் தொங்கியது. மேட்டில் ஏறும்போது கார் அவரை இருக்கைக்குள் தள்ளும், இடுப்பு தன் இடத்துக்குத் திரும்பும், வலி போகும்.

வளைவுகளில் இன்னொன்றும் கேட்டது. உறைக்கு அடியிலிருந்து ஒரு சரசரப்பு.

காரை ஓரம் கட்டச் சொன்னேன். துணி உறையின் விளிம்பைத் தூக்கினேன். கீழே, ஜப்பானிலிருந்து வந்தபடியே, இருக்கையை முழுதாகப் போர்த்திய பொலித்தீன். உறை அதன்மேல் வழுக்கி முன்னால் வருவதால்தான் அவர் எந்நேரமும் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"இது ஏன் நானா இன்னும் இருக்கு?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. பரீதாவுக்கு விளங்கியது.

"கேளுங்க மிஸ், நல்லாக் கேளுங்க. வீட்டுக் கதிரைக்கும் பொலித்தீன், டீவி ரிமோட்டுக்கும் பொலித்தீன். என்னயும் ஒரு பைக்குள்ள போட்டீப்பார். மூச்சு முட்டுமெண்டு தான் உட்டீக்கிறார்."

"சும்மா இரி பரீதா" என்றார் அவர்.

நம் பக்கத்தில் இதை யாரும் ஒரு விஷயமாக நினைப்பதில்லை. புதுக் கார் வந்தால் பொலித்தீனைக் கழற்றமாட்டோம். அதன்மேல் துணி உறை போடுவோம். விற்கும்போது அந்த உறையைத் தூக்கிக் காட்டி, பொலித்தீன்கூடக் கழற்றவில்லை என்போம். அடுத்தவர் சுகமாக உட்காருவதற்காக நாம் வழுக்கிக்கொண்டு ஓட்டுவோம். மூன்று முறை நான் அவரை முழுதாக விசாரித்திருந்தேன். மெத்தை, தலையணை, செருப்பு எல்லாம் சொன்னார். பொலித்தீனைச் சொல்லவில்லை. அது அவர் மறைத்த செய்தியல்ல, அவருக்கு அது செய்தியே அல்ல.

கழற்ற வேண்டும் என்றேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொலித்தீனை நம்பித்தான் மச்சான் காருக்கு விலை பேசியிருந்தார். கழற்றிவிட்டு முதுகும் சரிவராவிட்டால் இரண்டும் போய்விடும்.

"மிஸ், கழட்டினா சரி வருமெண்டு நிச்சயமாச் சொல்ல ஏலுமா?"

குறையலாம், பார்ப்போம். அதுதான் நான் சொல்லப் பழகியிருந்தது. அதைச் சொன்னால் அவர் கழற்றமாட்டார் என்பதும் தெரிந்தது. யோசித்துப் பார்த்தேன். நரம்பில் குறையில்லை. நடந்தால் வலியில்லை. மேட்டில் வலியில்லை. இடுப்பு பின்னால் நின்ற நேரமெல்லாம் வலியில்லை. என் கண்முன்னால் ஓர் உள்ளங்கை அகலம் அது நகர்ந்திருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஏலும் நானா" என்றேன். "கழட்டுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

பரீதா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து முன்னால் நீட்டினார். அவர் வாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றார். திரும்பும் வழியில் டப்பா என் மடிக்கு வந்தது. வட்டிலப்பம் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டர் வரைக்கும் கேட்டுத் தலையாட்டினார். பொறுப்பு என்ற சொல் வந்ததும் மணிக்கட்டுப் பொத்தானைச் சரிபார்த்தார்.

"பொறுப்பெண்டு சொன்னனீரோ?"

"ஆமா சேர்."

"அப்ப அந்த மச்சானோட கதைக்கிறதும் நீர்தான். நான் ஜன்னலிலை நிண்டு பாக்கிறன்."

அன்று பின்னேரம் பாரூக் நானா தொலைபேசியில் பேசினார். சாரதி இருக்கையில் மட்டும் உரித்துவிட்டாராம், மற்ற இருக்கைகளில் கை வைக்கவில்லையாம். துணி உறையையும் எடுத்துவிடச் சொன்னேன், வெறும் இருக்கையின்மேல் துவாயைக் கட்டச் சொன்னேன், வைக்கும் இடத்தை மறுபடி பட்டியிலிருந்து அளக்கச் சொன்னேன். தடிப்பை முதலில் வைத்த அளவுக்கே கொண்டுவந்தோம். அந்த அளவில் பிழையிருக்கவில்லை. அந்த வாரம் அவருக்குக் கட்டுநாயக்க ஓட்டங்கள் இருந்தன. நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. துவாய்க்கு ஒரு வாரம் கொடுக்க வேண்டும்.

ஆனால் வாரம் முடியும் முன்பே, பேசிவைத்த அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு இரண்டு பேரும் வந்தார்கள். ஹனீபா வெள்ளைத் தொப்பி, நல்ல அத்தர் வாசனை, மரியாதையான மனிதர். காரை எடுத்துக்கொண்டு போக வந்தவர், சாரதி இருக்கையைக் கண்டுவிட்டு, அப்படி உரிக்கச் சொன்ன மிஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மிஸ், மனசுல ஒண்டும் வைக்காம சொல்லுங்க. இவரால இனி ஓட்ட ஏலுமா?"

பதில் சொல்லும் முன் பாரூக் நானாவைப் பரிசோதித்தேன். குனிந்தார், நிமிர்ந்தார், இரண்டு பக்கமும் வளைந்தார். முன்னால் வளைவதில் கொஞ்சம் இறுக்கம் மிச்சமிருந்தது. எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கேகாலையில் தேநீர் குடிக்க மட்டும் என்றார். மாவனல்லையில் நிறுத்தவே இல்லையா? இல்லை. இறக்கத்தில்? முதல் நாள் கொஞ்சம் இருந்தது, பிறகு அதைப் பற்றி நினைக்க மறந்துவிட்டேன் என்றார். எங்கள் தொழிலில் இதைவிட நல்ல பதில் கிடையாது.

"ஓட்டலாம்" என்று ஹனீபாவிடம் சொன்னேன். "ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எறங்கி நடக்கணும். அடுத்த வாரம் துவாயை எடுத்துட்டு ஸ்பொன்ஜ் வச்சுத் தைக்கணும். அவ்வளவுதான்."

"தைக்கிறதா? சீட்டைப் பிரிச்சா?"

"ஆமாங்க. முதுகுத் தையலைப் பிரிச்சு."

ஹனீபா பாரூக் நானாவைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய குரலில் கோபமில்லை, வியாபாரம் இருந்தது.

"பாரூக், ட்ரைவர் சீட்டுல பொலித்தீன் இல்லாட்டி அது பாவிச்ச வண்டி. அதையும் பிரிச்சுத் தைச்சா யாரும் எடுக்கமாட்டான். இந்த நெலமையில நானும் எடுக்கல்ல."

அவர் அதைச் சொன்னது பாரூக் நானா பதறி ஏதாவது சொல்வார் என்பதற்காக. பிடிமானம் முழுதும் தன் கையில் இருப்பதாக நினைத்திருந்தார். பாரூக் நானா பரிசோதனைக் கட்டிலிலிருந்து எழுந்து, கையை ஊன்றாமல் நிமிர்ந்து, செருப்பைப் போட்டார்.

"சந்தோசம் மச்சான்" என்றார். "வாங்க, கடையில எறக்கி உடுறேன்."

நான் ஜன்னலுக்குப் போனேன். சேர் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். பாரூக் நானா இருக்கையைத் தடவாமல் ஏறினார். ஹனீபா இடப்பக்கம் ஏறினார், அங்கே பூப்போட்ட உறையும் அதற்கடியில் பொலித்தீனும் அப்படியே இருந்தன. கார் தரிப்பிடத்தைச் சுற்றி வந்து, வாசல் சரிவில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு பிரேக் போட்டது. சாரதி நகரவில்லை. மச்சான் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.